முகவரிக் கட்டத்தில் ஒரு புள்ளி

வெள்ளாரமேடு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு என்பது ஓர் அறை. மாதத்தில் ஒரு வியாழக்கிழமை தர்மபுரியிலிருந்து டாக்டர் வருவார். மற்ற நாட்களில் மாதவராஜ் மட்டும் ஒரு கணினியோடு உட்கார்ந்திருப்பான். ஒப்பந்த வேலை. யார் வந்தார்கள், என்ன மாத்திரை வாங்கினார்கள், எப்படி இருக்கிறார்கள் என்பதைக் கணினியில் ஏற்ற வேண்டும்.

ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பக்கம் உண்டு. அதில் சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டங்களை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. முகவரி நட்சத்திரம் போட்ட கட்டம். முகவரி சொல்லப் பலருக்கு விருப்பமில்லை. வெளியே வரிசை நீளமாக இருக்கும். இந்த வேலையில் இருந்தவர்கள் எல்லோரும் செய்ததை மாதவராஜும் செய்தான். கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தான். கணினிக்கு அது போதுமாக இருந்தது.

கலைமதிக்கும் அப்படித்தான் வைத்தான்.

கலைமதியை அவன் பார்த்ததில்லை. அவள் அம்மா பெரியம்மாளைத்தான் தெரியும். பெரியம்மாள் பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி தரம் பிரிக்கிறவள். கல்லூரி முதல் வருடத்தில் மகளுக்கு மனநோய் வந்தது. மாத்திரையில் சரியானது. மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொன்னார். நிறுத்தவில்லை. பிறகு காரிமங்கலம் பக்கம் கெம்பனஅள்ளியில் மாப்பிள்ளை அமைந்தது. மாப்பிள்ளை வீட்டில் எதுவும் சொல்லவில்லை.

பெரியம்மாள் பத்திரிகை கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள்.

"குடுக்காம இருக்க மனசு வரல தம்பி. ஆனா கல்யாணத்துக்கு வந்துராதீங்க."

"ஏங்க?"

"யாருன்னு கேட்டா என்னன்னு சொல்றது?"

அன்றைக்கே கலைமதியின் பக்கத்தில் 'திருமணமானவர்' என்று மாற்றினான். பழைய முகவரி அழிந்து, கணினி புதிய முகவரியும் கணவர் பெயரும் கேட்டது.

"ஊரு பேரு, மாப்ள பேரு எதுவும் வேணாங்க தம்பி."

புள்ளி வைத்தான்.

பத்திரிகை தடித்த அட்டை. வழவழப்பாக இருந்தது. மவுஸ் அதன்மேல் நன்றாக ஓடியது. அங்கேயே தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு மாதாமாதம் பெரியம்மாள் வந்து வாங்கிப் போனாள். அட்டையிலிருந்து மாத்திரைகளைப் பிதுக்கி எடுத்து இரும்புச்சத்து மாத்திரை டப்பாவில் போட்டுக்கொள்வாள். சந்தை நாளில் காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டில் மகளிடம் கொடுப்பாள். புதுப்பெண் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

"எப்படி இருக்காங்க?" என்று மாதவராஜ் கேட்பான்.

"நல்லா இருக்குதுங்க."

நிலை என்ற கட்டத்தில் 'சீர்' என்று அடிப்பான். டாக்டர் கையெழுத்துப் போடுவார். இரண்டு வருடம் இப்படிப் போனது.

ஆய்வுக் கூட்டத்தில் மேலதிகாரி திரையைக் காட்டினார். ஊர் வாரியாக நோயாளிகளின் எண்ணிக்கை. முதலில் ஒரு புள்ளி இருந்தது. அதற்கு எதிரேதான் பெரிய எண்.

"இந்தப் புள்ளிங்கற ஊரு எங்கய்யா இருக்குது? நம்ம மாவட்டத்துலயே பெரிய ஊரு அதுதான் போல. பஸ் விடச் சொல்லலாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாதவராஜும் சிரித்தான்.

"வெள்ளாரமேட்டுல யாரு?"

எழுந்து நின்றான்.

"பாதிப் பேர நீதான் அந்த ஊர்ல குடி வெச்சிருக்க. சனிக்கிழமைக்குள்ள ஒரு புள்ளி இருக்கக் கூடாது. இருந்தா காண்ட்ராக்ட் புதுப்பிக்கும்போது பாத்துக்கலாம்."

அந்த வாரம் முழுக்கப் புள்ளிகளை எடுத்தான். போன் போட்டுக் கேட்டான். சிலர் சொன்னார்கள். சிலர் வைத்துவிட்டார்கள். கலைமதியின் பக்கம் வந்தபோது போன் செய்ய வேண்டியிருக்கவில்லை. மவுஸைத் தூக்கிப் பார்த்தான். மணமகன் இல்லம்: ஆலமரத் தெரு, கெம்பனஅள்ளி, காரிமங்கலம். கணவர் பெயர் முனிராஜ். இரண்டு கட்டங்களையும் நிரப்பினான். ஒரு போன் மிச்சம் என்று நினைத்தான். அடுத்த பக்கத்துக்குப் போனான்.

முகவரி ஏறியதும் கணினி அதன் வேலையைச் செய்தது. கெம்பனஅள்ளி எந்தத் துணை சுகாதார நிலையத்தின் கீழ் வருகிறதோ அந்த நிலையத்தின் பட்டியலுக்குக் கலைமதியை அனுப்பியது. வெள்ளாரமேட்டுப் பட்டியலில் ஒருவர் குறைந்தார். மாதவராஜ் கவனிக்கவில்லை.

கெம்பனஅள்ளியில் வீடு தேடி மாத்திரை கொடுக்கிறவள் தமிழ்மணி. பிரஷர், சர்க்கரை மாத்திரைகளோடு அந்த மாதம்தான் மனநல மாத்திரைகளும் அவள் பையில் சேர்ந்திருந்தன. போனில் புதிதாக ஒரு பெயர் வந்திருந்தது. தேடிக்கொண்டு போனாள்.

முனிராஜின் அம்மா வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"கலைமதிங்கறது இந்த வூடுதானுங்களா?"

"எம் மருமவ. தோட்டத்துல இருக்கா. என்னம்மா?"

"மாத்திரைங்க. இனிமே யாரும் ஆஸ்பத்திரிக்கு அலைய வேணாம். நானே கொண்டாந்து குடுத்துருவேன்."

"எங்கூட்ல யாருக்கும் சக்கரை இல்லியே. எனக்கே இல்ல."

"சக்கரைக்கு இல்லீங்கம்மா." தமிழ்மணி குரலைத் தாழ்த்தினாள். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். "மனசுக்குங்க. இதுல வெக்கப்படறதுக்கு ஒண்ணுமில்ல. இப்பல்லாம் நெறைய பேருக்கு இருக்குது."

முனிராஜின் அம்மா கையிலிருந்த மொச்சையை முறத்தில் போட்டாள்.

"எத்தினி நாளா?"

"ஆறு வருசமா சாப்பிடறாங்க. ஒரு மாசம்கூட விடல. என் லிஸ்ட்லயே இவங்கதான் ஒழுங்கு."

"ஆறு வருசமா."

"ஆமாங்க."

"குடு. நான் குடுத்துர்றேன்."

தமிழ்மணி அட்டைகளைக் கொடுத்தாள். போனில் 'வழங்கப்பட்டது' என்ற இடத்தைத் தொட்டாள். அந்த வரி பச்சையானது. குடிக்கத் தண்ணீர் கேட்டாள். முனிராஜின் அம்மா உள்ளே போனவள் திரும்பி வரவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தமிழ்மணி அடுத்த வீட்டுக்குப் போனாள்.

டாக்டர் வருகிற வியாழக்கிழமை. பெரியம்மாள் வரிசையில் நிற்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் போன பிறகு உள்ளே வந்தாள்.

"தம்பி, ஊரு பேர யாரு குடுத்தது?"

மாதவராஜுக்குப் புரியவில்லை. கலைமதியின் பெயரை அடித்தான். 'இந்த நோயாளி வேறு நிலையத்துக்கு மாற்றப்பட்டுள்ளார். மாத்திரை வழங்கப்பட்டது: வீட்டில்' என்று வந்தது. இரண்டு முறை படித்தான்.

"நான்தாங்க போட்டேன். புள்ளியெல்லாம் எடுக்கச் சொன்னாங்க. இப்படி ஆளு வூட்டுக்கே போவாங்கன்னு தெரியாதுங்க."

பெரியம்மாள் அவனைத் திட்டவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"சந்தைக்கு அவ வரல. மாப்ள வந்தாரு. மாசாமாசம் அவளுக்குக் குடுக்கற டப்பாவக் காட்டுங்க அத்தன்னாரு. பஸ் ஸ்டாண்டுல, அத்தன பேர் மத்தியில. காட்டினேன்."

"என்ன சொன்னாருங்க?"

"மொதல்ல ஒண்ணும் சொல்லல. மூடியத் தொறந்து சாக்கடையில கொட்டினாரு. டப்பாவ எங்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டாரு."

பையிலிருந்து டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். காலியாக இருந்தது. ஏன் வைத்தோம் என்று தெரியாதவள்போல் மறுபடி பைக்குள் போட்டாள்.

"அவ போன வாங்கி வெச்சுக்கிட்டாங்களாம். கொழந்த நிக்காததுக்கே இந்த மாத்திரதான் காரணமாம். மாப்ள கெட்டவரு இல்ல தம்பி. அவங்கம்மாதான். கூட்டிட்டுப் போயிருங்கன்னு இன்னும் சொல்லல. சொல்லிருவாங்க."

"நான் வந்து பேசட்டுங்களா?"

"நீங்க என்ன பேசுவீங்க?" அவள் குனிந்து சேலை நுனியில் தக்காளிக் கறையைச் சுரண்டினாள். "நான் ஒண்ணு சொல்லிட்டு வந்திருக்கேன். மாத்திரை எனக்கு வர்றது, கம்ப்யூட்டருல தப்பா எம் மவ பேருக்குப் போயிருச்சுன்னேன். அப்ப டப்பாவ ஏன் அவகிட்ட குடுக்கறீங்கன்னாரு. அவளுக்குக் குடுத்தது சத்து மாத்திரை, இது எனக்கு வெச்சிருந்ததுன்னேன். நம்பற மாதிரியும் இருக்குது, நம்பாத மாதிரியும் இருக்குது. ஆஸ்பத்திரிக்கே வந்து கேக்கறேன்னுட்டாரு."

சேலை நுனியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"என் பேர ஏத்திருங்க தம்பி."

"உங்களுக்கு ஒண்ணுமில்லீங்களே."

"ஆக்கிக்கலாம்."

"அப்படியெல்லாம் முடியாதுங்க. டாக்டர் எழுதணும்."

"டாக்டரம்மாகிட்டச் சொல்றேன். எப்படிச் சொல்லணும்னு எனக்குத் தெரியும்."

வார்டுக்குப் போயிருந்த டாக்டர் மெஹ்ஜபீன் திரும்பி வந்து கைப்பையை மூடிக்கொண்டிருந்தார். இந்த மருத்துவமனைக்கு வர ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பெரியம்மாள் ஸ்டூலில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தூக்கம் வரல டாக்டரம்மா. வெளக்கின பாத்திரத்தையே திரும்பத் திரும்ப வெளக்கறேன். பக்கத்து வூட்டுக் கோழியப் புடிச்சு சோப்புப் போட்டுக் குளுப்பாட்டினேன். பாடறேன். நிறுத்துன்னா அடிக்கப் போறேன். நான் கலெக்டர் ஆயிட்டேன்னு நடு ரோட்டுல நின்னு பஸ்ஸ மறிச்சேன். டிரைவரு எறங்கிக் கும்பிட்டாரு. அவருக்கு என்ன தெரியும் பாவம்."

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"இதெல்லாம் உங்களுக்கா?"

"எனக்குத்தாங்க."

"எப்போ?"

பெரியம்மாள் யோசித்தாள். "ஆறு வருசம் இருக்குங்க."

டாக்டர் மாதவராஜைப் பார்த்தார். அவன் நடந்ததைச் சொன்னான். கலைமதியின் பழைய குறிப்புகளைத் திறந்து காட்டினான். டாக்டர் நின்றபடியே படித்தார்.

"கோழிகூட எழுதியிருக்கு" என்றார்.

பிறகு உட்கார்ந்தார்.

"இந்தப் பொண்ண நான் பார்த்ததே இல்ல. மாசாமாசம் சீர், சீர்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

பெரியம்மாள் பக்கம் திரும்பினார்.

"அம்மா, உங்களுக்கு இல்லாத வியாதிய நான் எழுத முடியாது. நீங்க சொல்லுங்க, நிஜமாவே இப்ப தூங்கறீங்களா?"

இந்தக் கேள்விக்கு அவள் தயாராக வரவில்லை.

"கண்ண மூடினா அவரு டப்பாவக் கொட்டற சத்தம் கேக்குது" என்றாள்.

"அத எழுதறேன்."

தூக்கமின்மை, பதற்றம் என்று எழுதினார். மாத்திரை எழுதினார். இன்னொரு சீட்டில் கலைமதிக்குத் தனியாக ஒரு மாதத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

"இத எப்படியாவது அவங்க சாப்பிடணும். திடீர்னு நிறுத்தினா திரும்ப வரும். முதல்ல தூக்கம் போகும். தூக்கம் போச்சுன்னு தெரிஞ்சா எனக்காகக் காத்திருக்காதீங்க. அன்னைக்கே தர்மபுரிக்குக் கூட்டிட்டு வந்துருங்க. யார் கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல."

"சரிங்க."

மாதவராஜ் புதிய பக்கம் திறந்தான். பெயர், வயது, முகவரி.

"பாலக்கோடு, ஏரிக்கரைத் தெருன்னு நல்லாப் போடுங்க தம்பி" என்றாள் பெரியம்மாள். "புள்ளியெல்லாம் வேணாம். எம் பேரு பெருசாத் தெரியட்டும்."

முனிராஜ் அடுத்த வாரம் வந்தான். மார்க்கெட்டில் தக்காளி இறக்கிவிட்டு, பெரியம்மாளையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். மகளுக்கு எழுதிய மாத்திரை இன்னும் அவள் பையிலேயே இருந்தது. ஒல்லியான ஆள். அறைக்குள் வரும்போது செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தான். உட்காரச் சொன்னதற்கு, பரவாயில்லை என்று நின்றான்.

"ஒண்ணே ஒண்ணு தெரியணுங்க சார். மாத்திரை எங்கூட்டுக்காரிக்கா, எங்கத்தைக்கா?"

மாதவராஜ் திரையை அவன் பக்கம் திருப்பினான். பெரியம்மாள். ஏரிக்கரைத் தெரு, பாலக்கோடு. மனநலப் பிரிவு.

"அம்மாவுக்குத்தாங்க. பொண்ணு போன் நம்பரத்தான் குடுத்திருந்தாங்க. நம்பர் ஒண்ணுங்கறதால கம்ப்யூட்டர் பொண்ணு பேர்ல ஏத்திருச்சு. அட்ரஸும் மாறிப்போச்சு. தப்பு எங்க பேர்லதாங்க."

"ஆறு வருசம்னு மாத்திரை கொண்டாந்த அம்மா சொல்லுச்சாமே."

"அதுவும் இவங்களோடதுதாங்க."

முனிராஜ் திரையை விரலால் தொட்டுப் பெயரைப் படித்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவனைப்போல் மெதுவாகப் படித்தான். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"ஏன் அத்த, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானே உங்களக் கூட்டிட்டு வந்திருப்பனே. பஸ் ஸ்டாண்டுல வெச்சு நான் அப்படிப் பண்ணியிருக்க மாட்டேன்."

"இருக்கட்டும் மாப்ள."

"எங்கம்மா அவள என்னென்ன பேசிருச்சு தெரியுமா? அவ ஒரு வார்த்த திருப்பிப் பேசல."

"அவ அப்படித்தான்."

"டீ சாப்பிடறீங்களா சார்? வாங்க, கடைக்குப் போலாம்." முனிராஜ் சிரித்தான். மனசு லேசாகிவிட்டது தெரிந்தது. "சொன்னா நம்ப மாட்டீங்க அத்த. முன்னெல்லாம் சாயந்தரமானா தூங்கி வழிவா. இப்ப அவகிட்ட ஒரு சுறுசுறுப்பு. ராவெல்லாம் மாட்டுக் கொட்டாயக் கழுவறா. கழுவினத மறுபடி கழுவறா. மாடெல்லாம் ரோட்டுல நிக்குது. வந்து படுடீன்னா, எனக்கு எதுக்குங்க தூக்கம்ங்கறா. எங்கம்மாவுக்கே வாயடைச்சுப் போச்சு. இந்த மாதிரி மருமவ இந்த ஊர்ல எவளுக்காச்சும் இருக்காளான்னு நேத்து அதுவே சொல்லுது."

பெரியம்மாள் மாதவராஜைப் பார்த்தாள். மாதவராஜ் மவுஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பருந்து மாப்ள?"

"மூணு நாலு நாளா இருக்கும்."

"சாப்பிடறாளா?"

"எங்க, அதுக்கு அவளுக்கு எங்க நேரம்?"

"பாடறாளா?"

"ஓ, பாடறாளே. தெருவே நின்னு கேக்குது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று பின்னால் நகரும் சத்தம் கேட்டது. திரையில் பெரியம்மாளின் பெயர் இருந்தது. மாதவராஜ் அப்போது ஏதாவது சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை.

"மாப்ள, அது நானில்ல."

"எது அத்த?"

"மாத்திரை சாப்பிடறது. அவதான். கல்யாணத்துக்கு முன்னாலயே இருந்தது. நாந்தான் மறச்சேன். இந்தத் தம்பி எனக்காகப் பொய் சொல்லுச்சு."

முனிராஜின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எடுக்க மறந்தவன்போல் இருந்தான்.

"இப்பதான சார் கம்ப்யூட்டர்ல..."

மாதவராஜ் தலையைக் குனிந்துகொண்டான்.

"கோவமெல்லாம் அப்பறம் படுங்க மாப்ள. என்ன அடிக்கறதுன்னாலும் அப்பறம் அடிங்க. இப்ப வண்டிய எடுங்க. அவள தர்மபுரிக்குக் கொண்டுபோவணும். இன்னைக்கே போவணும். அவ பஸ்ஸ மறிக்கறதுக்குள்ள போவணும்."

முனிராஜ் எழுந்தான். வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டான். அவன் தனியாகப் போய்விடுவான் என்று மாதவராஜ் நினைத்தான். பைக் சத்தம் கேட்டது. சன்னலில் பார்த்தபோது பெரியம்மாள் பின்னால் உட்கார்ந்திருந்தாள். முனிராஜ் முதுகை முன்னால் தள்ளி, அவள்மேல் படாதபடி ஓட்டிக்கொண்டு போனான்.

மழை தொடங்கிய பிறகு ஒரு வியாழக்கிழமை பெரியம்மாள் வரிசையில் நின்றாள். கூட ஒரு பெண் இருந்தாள். உடம்பு ஊதியிருந்தது. மெதுவாக நடந்தாள். பெயரைக் கூப்பிட்டபோது இருவரும் உள்ளே வந்தார்கள்.

"எம் மவ தம்பி" என்றாள் பெரியம்மாள்.

மாதவராஜ் எழுந்து நின்றான். பிறகு எதற்கு எழுந்தோம் என்று உட்கார்ந்தான்.

"தர்மபுரியில அட்மிட் பண்ணியிருந்தது. இப்பப் பரவாயில்ல. இனிமே இங்கதான் வாங்கணும். துணிமணியெல்லாம் வந்துருச்சு. தக்காளி லோடுல போட்டு அனுப்பிச்சுட்டாங்க."

"அவரு...?"

"சேர்த்த அன்னைக்கு ராத்திரி பூரா வெளிய நின்னாரு. காலையில பார்த்தா இல்ல."

கலைமதி சுவரில் ஒட்டியிருந்த சுவரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் சிரிக்கிற ஒரு குடும்பம் இருந்தது.

மாதவராஜ் அவள் பக்கத்தைத் திறந்தான். ஊரை மாற்றினால் பெயர் தன் பட்டியலுக்குத் திரும்பி வரும்.

"முகவரி?"

"ஏரிக்கரைத் தெரு" என்றாள் கலைமதி. மாத்திரையில் நாக்கு தடித்திருந்தது. "பாலக்கோடு."

அடித்தான். முகவரி மாறியதும் நட்சத்திரம் போட்ட இன்னொரு கட்டம் காலியாகத் திறந்தது. கணவர் பெயர். அவன் கேட்கவில்லை. விரலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பெரியம்மாள் எட்டித் திரையைப் பார்த்தாள்.

"அதுல ஒரு புள்ளி வெச்சிருங்க தம்பி."

"இப்பல்லாம் புள்ளி எடுக்கறதில்லீங்க."

வெளியே வரிசையில் யாரோ இருமினார்கள். கலைமதி திரும்பினாள். மேசையை, அவன் கையை, கைக்குக் கீழே இருந்த அட்டையைப் பார்த்தாள்.

"அது எங்க பத்திரிகைதான?"

"ஆமாங்க."

"அதுல இருக்குது" என்றாள்.

அந்தப் பெயர் அவனுக்குத் தெரியும். ஆனாலும் மவுஸைத் தூக்கினான். பார்த்து அடித்தான்.